இடுப்பு எது, வயிறு எது?

நண்பர்களுக்கு வணக்கம்.

இதய நோய் ஆபத்தைக் காட்டும் உடல் அளவுகளுக்குச் சொல் தேடும் இந்த இழையில் வேய்ஸ்ட்டுக்கும் (waist, வயிற்றைச் சுற்றி எடுக்கும் அளவு) இடுப்பு, ஹிப்புக்கும் (hip, பிட்டத்தைச் சுற்றி எடுக்கும் அளவு) இடுப்பு என்றே போய்க்கொண்டிருக்கிறது. இப்படியே போனால் முதல் அளவை இரண்டாவதால் வகுத்து வரும் வேய்ஸ்ட்–ஹிப் விகிதத்தை ‘இடுப்பு–இடுப்பு விகிதம்’ என்றுதான் எழுத வேண்டிவரும். தையல்காரர்கள் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டார்கள்: இடுப்பு 34, சீட் 40 என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்கிறார்கள். நமக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை.

இது வெறும் சொல் பிரச்சினை இல்லை. போன வருடம் ஒரு மருத்துவ முகாமில் என் அண்ணனிடம் “இடுப்பு அளவு என்ன?” என்று கேட்டார்கள். அவர் பேன்ட் அளவைச் சொன்னார், 34 அங்குலம், அதாவது 86 செ.மீ. படிவத்தில் அப்படியே ஏறிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் நானே டேப் வைத்து அளந்தேன், 101 செ.மீ. அவருடைய பெல்ட் தொப்பைக்குக் கீழேதான் நிற்கிறது, அதுதான் காரணம். நம்மவர்களில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே கவனம் தேவை என்கிறார்கள். அந்த ஒரு சொல்லால் அவர் ஆபத்து இல்லாதவர் பட்டியலில் போய்விட்டார்.

‘இடை’ அழகான சொல்தான், ஆனால் பேசும்போது ‘எடை’ என்றுதான் காதில் விழும். எடை பார்க்கும் இடத்திலேயே இடையும் பார்த்தால் குழப்பம்தான். அரைஞாணில் இருக்கும் ‘அரை’யும் ஒத்துவராது. வயிற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது, அங்கே ‘அரை’ என்று எழுதினால் பாதி என்றுதான் படிப்பார்கள்.

என் பரிந்துரை, வயிற்றுச் சுற்றளவு. டேப் வைக்கும் இடம் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட பிறகு. அது வயிறுதானே? தவிர, இந்த அளவு எடுப்பதே வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பை அறியத்தான். 52 நாடுகளில் நடந்த இண்டர்ஹார்ட் ஆய்வில் மாரடைப்பு ஆபத்தை பி.எம்.ஐ-யை (உயரத்தோடு எடையை ஒப்பிடும் குறியீடு) விட வேய்ஸ்ட்–ஹிப் விகிதம்தான் நன்றாகக் காட்டியது. உடல் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய ஆட்கள் நம் தெருவிலேயே எத்தனை பேர்! பி.எம்.ஐ பார்த்தால் அவர்களுக்கு ஒன்றும் இல்லை என்றே வரும்.

‘வயிற்றுச்சுற்று’ என்று சுருக்கலாமா என்று முதலில் யோசித்தேன், அப்புறம் ‘தலைச்சுற்று’ நினைவுக்கு வந்ததால் விட்டுவிட்டேன்.

ஹிப்புக்கு ‘பிட்டச் சுற்றளவு’. கூச்சமாக இருக்கிறது என்று சிலர் சொல்லலாம். ஆனால் பிட்டம் மிக அகன்றிருக்கும் இடத்தில்தான் டேப் போகிறது, வேறு எப்படிச் சொல்வது? அப்படியானால் விகிதங்கள் வயிறு–பிட்ட விகிதம், வயிறு–உயர விகிதம் என்று வரும்.

‘பிட்டம்’ கிராமத்துச் செவிலியர் வாயில் எளிதாக வருமா என்பதுதான் எனக்கு இருக்கும் ஒரே தயக்கம். களத்தில் வேலை செய்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நீங்கள் அளவெடுக்கும்போது என்ன சொல்லிக் கேட்கிறீர்கள்?