மறு: மறு: சீடில எத்தனை நிமிஷம் போகும், இதுக்கு ஒரு சொல்லு வேணும்

குழுவுல எல்லாருக்கும் வணக்கம்.

ஒரு சீடி தட்டுல எத்தன நிமிஷம் அடங்கும்ங்கறதுக்கு தமிழ்ல ஒரு சொல்லு கேட்டு கேள்விய போட்டுட்டு நாலு நாளா ஆளே காணோம்னு நெனச்சிருப்பீங்க, இங்க மலேசியாவுல சுங்கை சிப்புட்ல ஒரே மழை, லைன் வேற போயி போயி வந்துச்சு. இப்பதான் எல்லா மடலையும் ஒக்காந்து படிச்சேன்.

> சென்னை ஐயா: "இசைப்பு நேர எல்லை" என்று வைத்துக்கொள்ளலாமே.

> யாழ்ப்பாணத்து அண்ணா: இறுவட்டின்ர (சீடியின்ர) ஒலிநேரம் எண்டு சொன்னால் விளங்கும்தானே, புதுச்சொல் ஏன்?

ரெண்டும் நல்ல சொல்லுதான், குத்தம் சொல்லல. ஆனா ரெண்டையும் கேட்டா பாட்டு எவ்ளோ நேரம் ஓடுதுன்னுதான் மனசுல வருது, தட்டுல எவ்ளோ நேரம் எடம் இருக்குன்னு வரமாட்டேங்குது. எனக்கு வேண்டியது அந்த ரெண்டாவது. ஏன் இப்படி அடம் புடிக்கிறேன்னா ஒரு பழைய கதை இருக்கு.

நான் டவுன்ல சீடி பதிவு செஞ்சி குடுக்குற கடை வச்சிருந்த காலம், பக்கத்து தோட்டத்து உறுமி மேள பசங்க திருவிழாவுல வாசிச்சத பதிவு பண்ணி எடுத்துக்கிட்டு வந்தாங்க, ஒரே தட்டுல போடணும்னு. மொத்தம் 83 நிமிஷம். வெறும் தட்டுல 80ன்னு போட்டிருந்துச்சு. சில தட்டு மேல போட்டிருக்குற கணக்கு தாண்டியும் கொஞ்சம் எழுத விடும், சாப்ட்வேர்ல அதுக்கு ஒரு பட்டன் இருக்கும், சரி பாப்போம்னு தட்டிவிட்டேன். என் கடை பிளேயர்ல முழுசா பாடுச்சு. கோயில் மைக் செட்டுல போட்டா கடைசி அடி பாதியில முட்டிக்கிச்சு. மேளத்து தலைவர் மோட்டார எடுத்துக்கிட்டு நேரா கடைக்கு வந்துட்டாரு. "என்னா தம்பி இப்படி?" "டைம் பத்தலண்ணே." "டைம் பத்தலயா, ஒனக்கா தட்டுக்கா?"

அவரு கேட்டதுல தப்பே இல்ல. நான் சோம்பேறித்தனமா பாதியில விட்டுட்டேன்னுதான் அவருக்கு வெளங்குச்சு. தட்டுக்கு ஒரு நேரம் உண்டு, பாட்டுக்கு ஒரு நேரம் உண்டு, ரெண்டுக்கும் தனித்தனி பேரு இல்லாததால நான் ஏச்சு வாங்குனேன்.

இப்ப விஷயத்துக்கு வரேன். பிலிப்ஸும் சோனியும் சேந்து 1980ல சீடிக்கு விதி எழுதுனாங்க, 1982ல ஜப்பான்ல கடைக்கு வந்துச்சு. தட்டு குறுக்க 120 மில்லிமீட்டர். பாட்டு இருக்குற பகுதி நடுவுலருந்து 25 மில்லிமீட்டர்ல ஆரம்பிச்சி 58ல முடியுது. அதாவது உள்ளருந்து வெளிய ஓடுது, பழைய இசைத்தட்டுக்கு நேர் எதிர். அந்த எடம் பூரா ஒரே ஒரு கோடு சுருள் சுருளா போகுது, ஒரு சுத்துக்கும் அடுத்த சுத்துக்கும் நடுவுல 1.6 மைக்ரோன் (மில்லிமீட்டர ஆயிரமா பிரிச்சா ஒரு பங்குதான் ஒரு மைக்ரோன்). நானே கால்குலேட்டர்ல போட்டு பாத்தேன், அந்த கோட்ட பிரிச்சி நீட்டுனா 5.3 கிலோமீட்டருக்கு மேல வருது, இங்கருந்து பக்கத்து தோட்டத்துக்கு போயிரலாம். கோடு லேசருக்கு அடியில விநாடிக்கு 1.2 மீட்டர்லருந்து 1.4 மீட்டர் வரைக்கும் வேகத்துல ஓடலாம்னு விதி. 1.2ல ஓட்டுனா 74 நிமிஷத்துக்கு கொஞ்சம் மேல கெடைக்கும், 1.4ல ஓட்டுனா அதே தட்டு 64க்கே தீந்துரும். அப்ப 80 எங்கருந்து வந்துச்சு? சுத்துக்கு நடுவுல இருக்குற எடத்த 1.5 மைக்ரோனா நெருக்கி, வேகத்தையும் கம்மியா வச்சா 80க்கிட்ட வந்து நிக்கும். விதி குடுத்த சலுகைய ஓரம் வரைக்கும் பயன்படுத்திக்கிறது, அவ்ளோதான்.

பால் மரம் (ரப்பர் மரம்) வெட்டுன வீட்டு ஆளுங்களுக்கு இத சொல்லித்தரவே தேவையில்ல. மரத்துல கோடு சாய்வா சுத்திக்கிட்டு எறங்கும், ஒவ்வொரு வாட்டியும் பட்டைய எவ்ளோ மெல்லிசா சீவுறாங்களோ அவ்ளோ நாளைக்கு அந்த பட்டை தாங்கும், தடியா சீவுனா சீக்கிரம் தீந்துரும், கங்காணி வந்து கத்துவாரு. எங்கம்மா கை மெல்லிசு, பேரு வாங்குன கை. (சுத்துக்கு நடுவுல உள்ள அந்த எடத்துக்கு "வரியிடை"ன்னு வைக்கலாமான்னு ஒரு யோசனை இருக்கு, அது வேற மடல்ல.)

74க்கு பீத்தோவன் கதைய யாராச்சும் சொல்லுவீங்கன்னு தெரியும். ஒம்போதாவது சிம்பொனி, 1951ல ஜெர்மனியில பெய்ராய்ட்ல இசை நடத்துனர் ஃபுர்ட்வெங்லர் நடத்துனது 74 நிமிஷம், அது முழுசா அடங்கணும்னுதான் தட்ட பெருசாக்குனாங்கன்னு கதை. பிலிப்ஸ் மொதல்ல 115 மில்லிமீட்டர்தான் நெனச்சாங்கங்கறது உண்மை. ஆனா பிலிப்ஸ்ல அப்ப இருந்த எஞ்சினியர் இம்மிங்க், பாட்டவிட கம்பெனிங்களோட போட்டிதான் காரணம்னு எழுதியிருக்காரு. எனக்கும் அப்படித்தான் படுது. இன்னொண்ணு, ஆரம்பத்துல தட்டுக்கு மூலப்பதிவு தொழிற்சாலைக்கு வீடியோ டேப்புலதான் போச்சு, அந்த டேப் 72 நிமிஷம் சுமாருக்கே முடிஞ்சிரும். அப்ப தட்டுல எடம் இருந்தும் டேப்புல இல்ல.

சரி, சொல்லுக்கு வரேன். எங்கம்மா மங்க (கிண்ணத்த) கையில வச்சிக்கிட்டு "இது எவ்ளோ கொள்ளும்"னுதான் கேப்பாங்க, "எவ்ளோ இருக்கு"ங்கறது வேற கேள்வி. அதனால

தட்டு கொள்ளக்கூடிய நேரம்: கொள்நேரம்
ஆல்பம் ஓடுற நேரம்: ஓடுநேரம்

"அடக்க நேரம்"னு ஒருத்தர் போன வாரம் எழுதியிருந்தாரு, ஐயா கோவிச்சுக்காதீங்க, இங்க அந்த வார்த்தை மரண அறிவித்தல்லதான் வரும், வீட்லருந்து எத்தன மணிக்கு எடுக்குறாங்கன்னு கேப்பாங்க.

சுங்கை சிப்புட்லருந்து

* * *

தம்பிக்கு வணக்கம்.

கொள்கலம், கொள்ளளவு எல்லாம் இருக்கிறபோது கொள்நேரம் காதுக்கு உறுத்தவில்லை. வினைத்தொகை, இலக்கணமும் சரி. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் அதைத்தானே போட்டு அடித்தேன். ஆனால் ரெண்டு சந்தேகம். ஒன்று, கொள்ளளவு என்றே சொல்லிவிட்டால் என்ன? ரெண்டு, பழைய இசைத்தட்டுக்கும் கேசட்டுக்கும் இந்தச் சொல் பொருந்துமா?

அப்புறம், அந்த உறுமி மேளத் தட்டு கடைசியில் என்ன ஆனது? கதையை பாதியில் விடுவது உனக்கு பழக்கம் போல.

ஈப்போவிலிருந்து

* * *

ஐயா,

கொள்ளளவுன்னா எம்பி (மெகாபைட்) கணக்குல போயி மாட்டிக்கும். அதே 80 நிமிஷ தட்டு மேலதான் 700 எம்பின்னும் போட்டிருக்கு, ஆனா பாட்டா எழுதுனா ஒரு நிமிஷத்துக்கே பத்து எம்பி தாண்டி போகும், 80ஆல பெருக்கி பாருங்க, 700ல அடங்காது. டேட்டாவா எழுதுறப்ப தப்பு திருத்துறதுக்குன்னு கொஞ்சம் எடத்த தனியா ஒதுக்கிடுவாங்க, பாட்டுக்கு அவ்ளோ ஒதுக்கறதில்ல, அதான் கணக்கு ஒதைக்குது. அதுவே பாட்ட சுருக்கி எம்பித்ரீயா, விநாடிக்கு 128 கிலோபிட்ல அடைச்சா அந்த 700க்குள்ள பன்னெண்டு மணி நேரம் போகும். அதனால தட்ட மட்டும் பாத்து கொள்நேரம் சொல்லமுடியாது, எந்த முறையில எழுதுறோம்னும் சேத்து சொல்லணும். நம்ம சொல் பட்டியல்ல அத ஒரு வரி போட்டுருவோம், நல்லவேள கேட்டீங்க.

இசைத்தட்டு கேள்விதான் எனக்கு புடிச்ச கேள்வி. லாங்பிளேல ஒரு பக்கம் 22 நிமிஷம்னு சும்மா ஒரு பேச்சுக்கு சொல்றதுதான், அங்க சத்தம் எடம் திங்கும். தவிலும் உறுமியும் உருமுச்சுன்னா ஊசி ரொம்ப ஆடும், கோட்ட தள்ளி தள்ளி வெட்டணும், நேரம் கொறையும். சத்தத்த கொறைச்சு மெதுவா வச்சா இன்னும் நெறைய நிமிஷம் போடலாம். சீடிக்கு அதெல்லாம் கெடையாது, உறுமி அடிச்சாலும் ஒண்ணுதான், ஒருத்தரும் பேசாம ஒக்காந்திருந்தாலும் ஒண்ணுதான், விநாடிக்கு 44,100 தடவ அளந்து ரெண்டு காதுக்கும் 16 பிட் எழுதியே தீரும். அதனால சீடிக்கு கொள்நேரம் கறாரா சொல்லலாம், இசைத்தட்டுக்கு "ஏறத்தாழ"ன்னு ஒண்ணு முன்னாடி போட்டுக்கணும். கேசட்டுக்கு பிரச்சனையே இல்ல, 60ன்னா பக்கத்துக்கு 30, 90ன்னா 45. அப்ப ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் இன்னொரு படம்னு வரும், ஞாபகம் இருக்கா? நம்ம படத்துக்கு அஞ்சாறு பாட்டு, அரைமணி நேரம்கூட தேறாது, அதனாலதான் சீடி வந்தப்பவும் ஒரே தட்டுல ரெண்டு மூணு படத்த போட்டு வித்தாங்க. இதுவே கச்சேரின்னா ராகம் தானம் பல்லவி ஒண்ணே ஒரு மணி நேரம் போயிரும், ரெண்டு தட்டா வாங்கணும். ஓடுநேரம் ஒரு பக்கம் இழுக்குது, கொள்நேரம் ஒரு பக்கம் இழுக்குது, தனித்தனி சொல்லு இல்லாம இத எழுதிப்பாருங்க, நாக்கு சுளுக்கிக்கும்.

* * *

சரி தம்பி, கொள்நேரம் எனக்கும் ஓகே. ஆனா பட்டியல்ல சீடிக்கு குறுந்தகடு எண்டு மட்டும் போடக்கூடாது, இறுவட்டும் பக்கத்தில இருக்கவேணும், அதை நான் விடமாட்டன். உறுமி மேளக் கதைக்கு நானும் காத்திருக்கிறன்.

யாழ்ப்பாணத்திலிருந்து

* * *

அண்ணே, ரெண்டையும் போட்டுர்றேன், இங்க நாங்க ரெண்டையும் சொல்றதில்ல, சீடிம்போம் இல்ல தட்டும்போம்.

கதைதானே. அந்த 83 நிமிஷத்துல 6 நிமிஷம் கோயில் கமிட்டி தலைவர் பேச்சுலா. அத வெட்டுனா 77, ஒரே தட்டுல சொகமா அடங்கிரும். மேளத்து பசங்களுக்கு சம்மதம். கமிட்டி தலைவர் ஒத்துக்கல, ஒலிபெருக்கிக்கு காசு குடுத்ததே நான்தான்னாரு. ரெண்டு நாள் பஞ்சாயத்து. கடைசியில ரெண்டு தட்டா போட்டு குடுத்தேன். மொத தட்டு பூரா மேளம். ரெண்டாவது தட்டுல அவரு பேச்சு மட்டும், ஓடுநேரம் 6 நிமிஷம், கொள்நேரம் 80.