கார்லிக் பிரெட்: பூண்டு கசக்கிறது, சீஸ் நூல் விடவில்லை. என் தப்பா, மலையின் தப்பா?

மூஞ்சிக்கல்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். கொடைக்கானலில் இருக்கிறேன். மூன்று ஞாயிற்றுக்கிழமையாக வீட்டில் சீஸ் கார்லிக் பிரெட் செய்து பார்த்து, மூன்று முறையும் சொதப்பல். அடுத்த சனிக்கிழமை பெரியவனுக்குப் பிறந்தநாள். கேக்கூட வேண்டாம், இதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான்.

செய்த விதம்: அன்று காலையில் வாங்கிய மில்க் பிரெட் ஆறு துண்டு. 100 கிராம் வெண்ணெயை உருக்கி, சந்தையில் வாங்கிய பூண்டு 12 பல்லைப் பொடியாக நறுக்கிப் போட்டு, கரண்டியால் மேலே ஊற்றினேன். அதன் மேல் துண்டுக்கொரு சீஸ் ஸ்லைஸ். 25 லிட்டர் ஓடிஜியில் (மேஜை மேல் வைக்கும் சின்ன மின்சார ஓவன்) 200 டிகிரி, 15 நிமிடம்.

வந்த விதம்: அடிப்பக்கம் சொதசொதவென்று ஊறிப்போய், தூக்கினால் நடுவில் தொங்குகிறது. ஓரத்தில் இருக்கும் பூண்டு கறுத்து ஒரே கசப்பு. உள்ளே இருப்பதோ பச்சையாக நாக்கைச் சுடுகிறது. சீஸ் நூலாக இழுபடவே இல்லை, அப்பளம் மாதிரி தோல் கட்டிவிட்டது. சுற்றிலும் எண்ணெய்.

திண்டுக்கல்லில் என் தங்கை இதே அளவில்தான் செய்கிறாள், அவளுக்கு அருமையாக வருகிறது. அப்படியானால் உயரம்தான் காரணமா? இங்கே பருப்புக்கே இரண்டு விசில் கூடுதலாக வைக்க வேண்டியிருக்கிறது.

பனிமூட்டம்:
உயரமேதான் அக்கா. மலையில் எதுவும் சீக்கிரம் வேகாது. 230 வைத்துப் பாருங்கள்.

பழைய அடுப்புக்காரன்:
230 வேண்டாம் தம்பி, கரிதான் மிஞ்சும். அம்மா, மூன்று விஷயம் சொல்லுங்கள். தங்கை போடுவதும் இதே ஸ்லைஸ் சீஸ்தானா? ஓவனை எவ்வளவு நேரம் முன்சூடு செய்தீர்கள்? ரொட்டியைத் தட்டில் வைத்தீர்களா, கம்பி வலையிலா?

மூஞ்சிக்கல்வாசி:
தங்கையிடம் இப்போதுதான் கேட்டேன். அவள் போடுவது மொஸரெல்லாவாம். என்னிடம் வெறும் 'சீஸ்' என்றுதான் சொன்னாள்! முன்சூடு பத்து நிமிடம். தட்டில்தான் வைத்தேன். செய்தது மாலை ஏழு மணிக்கு. அந்த நேரத்தில் எங்கள் தெருவில் டியூப்லைட்டே மங்கித்தான் எரியும்.

பழைய அடுப்புக்காரன்:
பாதி விடை அதிலேயே வந்துவிட்டது. குன்னூரில் இருபது வருடம் பேக்கரி அடுப்படியில் நின்றவன், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உயரத்தின் மேல் பழி போடாதீர்கள். கொடைக்கானல் 2,100 மீட்டர் பக்கம். அங்கே தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், பருப்பு தாமதமாவது அதனால். ஓவனுக்குள் வேலை செய்வது சூடான காற்று. அதில் 200 என்றால் உங்கள் ஊரிலும் 200தான். மலையில் ரொட்டி கொஞ்சம் சீக்கிரம் காயும், அவ்வளவே.

ஸ்லைஸ் என்பது பதப்படுத்திய சீஸ். கொழுப்பும் தண்ணீரும் பிரியாதபடி அதற்கென்று உள்ள உப்புகளைச் சேர்த்து உருக்கி வார்த்தது. சூட்டில் குழையும், எவ்வளவு நேரம் வைத்தாலும் நூல் விடாது, காய்ந்து தோல்தான் கட்டும். மொஸரெல்லாவை வெந்நீரில் இழுத்து இழுத்துப் பிசைந்தே செய்கிறார்கள். அந்த நார்தான் உருகும்போது நூலாக வருகிறது. தண்ணீரில் மிதக்கும் உருண்டையை வாங்கிவிடாதீர்கள், ரொட்டியை நனைத்துவிடும். பீட்சாவுக்கு விற்கும் கட்டியை வாங்கி நீங்களே துருவுங்கள். துருவி விற்பதில் ஒட்டாமலிருக்க மாவுப்பொருள் தூவியிருப்பார்கள், அதில் வழுவழுப்பு கொஞ்சம் குறையும். ஆறு துண்டுக்கு 100 கிராம். மொஸரெல்லா தனியாகச் சப்பென்று இருக்கும், அதனால் மிச்சமுள்ள ஸ்லைஸில் ஒன்றைக் கிள்ளிப் போட்டாலும் தப்பில்லை.

சுற்றி நின்ற எண்ணெய் சீஸுடையது அல்ல, உங்கள் வெண்ணெய். 100 கிராம் ரொம்ப அதிகம், 40 போதும். அதையும் உருக்காதீர்கள். வெண்ணெயில் 16 சதவீதம் வரை தண்ணீர் இருக்கும். உருக்கினால் அது பிரிந்து ரொட்டிக்குள் இறங்கிவிடும். இளக்கினால் போதும். உங்கள் ஊர்க் குளிரில் வெளியே எடுத்து வைத்தாலும் கல்லாகவே கிடக்கும் என்று தெரியும். கேரட் துருவியில் துருவி, கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் ஒரு நிமிடம் பிடியுங்கள், தடவும் பதத்துக்கு வந்துவிடும்.

ரொட்டி நேற்றையதாக, விரல் தடிமனில் இருக்கட்டும். எதுவும் தடவாமல் கம்பி வலையில் நான்கு நிமிடம் வாட்டிய பிறகு தடவுங்கள். தட்டில் வைத்தால் ஆவி அடியில் தங்கி நமுத்துப்போகும். அப்புறம் 180-ல் ஆறு நிமிடம், அதன் பின் மேலே சூடேற்றும் கம்பியை மட்டும் எரியவிட்டு ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடம் போனைத் தொடாதீர்கள்.

பூண்டைப் பற்றி உங்கள் மலைக்காரர் யாராவது சொல்லட்டும்.

வயரிங் அண்ணன்:
டியூப்லைட் மங்குவதை விட்டுவிட்டீர்களே. 230 வோல்ட்டுக்குச் செய்த ஓடிஜிக்கு 190 வந்தால் சூடு மூன்றில் ஒரு பங்கு குறையும். வோல்ட் குறைவது 17 சதவீதம்தான், ஆனால் சூடு அதன் வர்க்கக் கணக்கில் இறங்கும். பத்து நிமிடத்தில் 200-ஐ எட்டியே இருக்காது, ரொட்டி வேகாமல் ஊறிக்கொண்டு கிடந்திருக்கும். மதியத்தில் செய்யுங்கள். முடியாவிட்டால் சூடேறியதும் அணையும் சிவப்பு விளக்கைப் பார்த்து உள்ளே வையுங்கள், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.

பூம்பாறைப் பொண்ணு:
அக்கா, சந்தையில் வாங்கியது நம் மலைப்பூண்டுதானே? 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு அது, காட்டம் சும்மா இருக்காது. தங்கையின் 12 பல் கணக்கு கீழே கடையில் கிடைக்கும் பூண்டுக்கு. நம்முடையதில் ஆறு பல் தாராளம்.

பல்லை நெடுக்கே பிளந்து பாருங்கள். நடுவில் பச்சை முளை இருந்தால் எடுத்துவிடுங்கள், அதுவும் கசக்கும். நறுக்கிப் போடவும் வேண்டாம், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துணுக்குதான் முதலில் கருகுகிறது. இன்னொன்று, பூண்டின் காரம் நசுக்கும்போதுதான் பிறக்கிறது. முழுப் பல்லாகவே வெந்துவிட்டால் பிறக்க வழியில்லை. ஐந்து பல்லைத் தோலோடு கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு, உரித்து மசித்து வெண்ணெயில் சேருங்கள். ஆறாவதை மட்டும் பச்சையாகத் துருவிக் கலந்தால் வாசனை நிற்கும். எல்லாம் சீஸுக்கு அடியில் இருக்க வேண்டும். மேலே கொத்தமல்லித்தழை எங்கள் வீட்டுப் பழக்கம்.

மிச்சமாகும் பூண்டு வெண்ணெயை, குளிர்தானே என்று அலமாரியில் வைத்துவிடாதீர்கள். காற்றில்லாமல் கொழுப்புக்குள் மூழ்கிய பூண்டில் விஷக்கிருமி வளரலாம். ஃபிரிட்ஜில் மூன்று நாள், அதற்கு மேல் என்றால் ஃப்ரீசர்.

மூஞ்சிக்கல்வாசி:
நேற்று மதியம் மூன்று மணிக்குச் செய்தேன். பிளந்து பார்த்தால் பாதிப் பல்லில் முளை! பூண்டு இனிப்பாகவே இருந்தது. அடி மொறுமொறு. சீஸ் ஒரு முழம் இழுபட்டது, சின்னவன் நாற்காலி மேல் ஏறி நின்று இழுத்தான். எல்லோருக்கும் நன்றி.

இப்போது புதுக் கவலை. சனிக்கிழமை பத்துப் பிள்ளைகள் வருகிறார்கள். ஓடிஜியில் ஒரு தடவைக்கு ஆறு துண்டுதான். இரண்டாவது ஆறு வருவதற்குள் முதல் ஆறு இந்தக் குளிரில் விறைத்துவிடுமே?

பழைய அடுப்புக்காரன்:
காலையிலேயே எல்லா ரொட்டியையும் வாட்டி, சீஸையும் துருவி வைத்துக்கொள்ளுங்கள். பூண்டு வெண்ணெயைக் கலந்து ஃபிரிட்ஜில் வைத்து, தடவும்போது இளக்குங்கள். ஓடிஜியில் ஒரு பங்கு போகும்போதே தோசைக்கல்லில் நான்கு துண்டை வைத்து, மூடி போட்டுச் சிறு தீயில் நான்கு நிமிடம் விடுங்கள். மேலே சிவக்காது, ஆனால் நன்றாக உருகும். முதல் ஆறை இரண்டாவதற்காகக் காக்க வைக்காதீர்கள். பிள்ளைகள் வரிசையில் நிற்கட்டும்.

மூஞ்சிக்கல்வாசி:
வரிசையா! ஐயா, உங்களுக்கு என் பிள்ளைகளைத் தெரியாது. தோசைக்கல்லை இரண்டாக எடுத்து வைக்கிறேன்.