அப்பாவின்ர அரை இஞ்சி றச்செற் வழுக்குது, கழட்டலாமோ?

குருநகரான்:
அப்பா கராஜிலை பாவிச்ச றச்செற் (ஒருபக்கம் பிடிச்சு மறுபக்கம் சும்மா சுத்துற நட்டுச் சாவி) என்னட்டை இருக்கு. 90களிலை யாழ்ப்பாணத்திலை பெற்றோல் இல்லாமல் மொறிஸ் மைனர் கார் மண்ணெண்ணெயிலை ஓடேக்கை, கரி பிடிச்ச பிளக்குகளை இதாலைதான் கழட்டிப் பூட்டினவர். இப்ப இறுக்கிற பக்கம் நல்லாப் பிடிக்குது, கழட்டிற பக்கம் பாரம் குடுத்தால் வழுக்குது. பின்மூடியிலை ரெண்டு சின்ன ஸ்குரூ, ரெண்டும் கறள். புதுசு வாங்கச் சொல்லாதேங்கோ.

கொக்குவில் கராஜ்:
தம்பி, ஸ்குரூத் தலை தேய்ஞ்சால் பிறகு பெரிய கரைச்சல். றச்செற்றின்ர தலைப்பக்கத்தை ஒரு இரவு மண்ணெண்ணெயிலை ஊற விடுங்கோ. விடிய, அளவான ஸ்குரூட்ரைவரை வச்சு அதின்ர பிடியிலை சுத்தியலாலை ரெண்டு தட்டு. அதுக்குப் பிறகுதான் திருப்பிறது.

மூடியைப் பெரிய பொலித்தீன் பைக்குள்ளை வச்சுத் திறவுங்கோ. பக்கம் மாத்திற லீவருக்குக் கீழை மிளகளவிலை ஒரு குண்டும் ஸ்பிரிங்கும் இருக்கும். எனக்கு முதல்முறை குண்டு முற்றத்து மணலுக்கை பறந்து, காந்தத்தை நூலிலை கட்டி இழுத்துத்தான் எடுத்தனான்.

ஒருபக்கம் மட்டும் வழுக்கிறதெண்டால் பெரும்பாலும் உள்ளை இருக்கிற பல்லுச் சில்லின்ர பல்லுக்கை விழுற நாக்கிலைதான் பிழை. பழைய கிறீஸ் காய்ஞ்சு கோந்து மாதிரி ஒட்டியிருக்கும், நாக்கு முழுசா விழாது. ஈக்கிலாலை சுரண்டி, பழைய பிரஸ்சாலை தேய்ச்சுக் கழுவுங்கோ. பிறகு நாக்கின்ர நுனியை நகத்தாலை தடவிப் பாருங்கோ. நகத்தைச் சுரண்டினால் நல்லம், உருண்டு போனால் தேய்ஞ்சிட்டுது. அரத்தாலை மட்டும் ராவாதேங்கோ, சரிவு மாறினால் ஒருநாளும் பிடிக்காது.

சுன்னாகம்:
அண்ணை, குருநகர் கடற்கரை வீடுதானே, கிறீஸை நிரப்பி மூடினால் உப்புக்காத்து உள்ளை போகாதே?

கொக்குவில் கராஜ்:
வேண்டாம். தடிச்ச கிறீஸ் நாக்கைத் தூக்கி வச்சிருக்கும், திரும்பவும் அதே வருத்தம்தான். 24 பல்லெண்டால் ஒரு பல்லுக்கு 15 பாகை, 72 பல்லெண்டால் 5 பாகைதான். பல்லுச் சின்னனாகச் சின்னனாக மெல்லிய கிறீஸ் படையே நாக்கு விழுறதை மறிச்சுப் போடும். தையல் மெசின் எண்ணெய் ரெண்டு சொட்டுக் காணும். உப்புக்கு, வெளியிலை எண்ணெய்த் துணியாலை துடைச்சு வையுங்கோ.

குருநகரான்:
அண்ணை, திறந்திட்டன். குண்டு பைக்குள்ளையே விழுந்தது. நாக்குக்குக் கீழை கறுத்த களி, அதுக்குள்ளை மணல். நுனி நகத்தைச் சுரண்டுது. பல்லு எண்ணினன், 24. நாக்கின்ர ஒரு முகத்திலை பொஞ்ச் உளியாலை குத்தின சின்னப் புள்ளி, மூடியின்ர உள்பக்கத்திலையும் அதே மாதிரி. அப்பாவும் ஒருக்காக் கழட்டியிருக்கிறார் போலை.

கொக்குவில் கராஜ்:
ஓம், எந்தப் பக்கம் மேலை எண்டு குறிச்சு வச்சிருக்கிறார். ரெண்டு புள்ளியும் முகம் பார்க்கப் பூட்டுங்கோ, தலைகீழாய்ப் போகாது. வீல் நட்டுக் கழட்டேக்கை றச்செற் பிடியிலை பைப் போட்டு மிதிக்காதேங்கோ தம்பி. அந்த நாக்கு உடைஞ்சால் இப்ப சாமான் தேடி எடுக்கிறது கஷ்டம்.