மறு: கதிர்மருந்து – கையேட்டுக்கு ஒத்துவருமா?

குழுவினருக்கு வணக்கம். ஸ்கேனுக்கோ சிகிச்சைக்கோ உடலுக்குள் செலுத்தும் கதிரியக்கப் பொருளை (ஆங்கிலத்தில் ‘ரேடியோஃபார்மசூட்டிக்கல்’) கையேட்டில் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ‘கதிரியக்க மருந்துப்பொருள்’ நீளமாக இருக்கிறது. ‘கதிர்மருந்து’ என்று சுருக்கிவிடலாமே?

ஐயா, புத்தகத்தில் எழுத நல்ல சொல்தான். ஆனால் நாம் தயாரிப்பது மன்னார்குடி, வேதாரண்யம் பக்கமிருந்து ஸ்கேனுக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கிற கையேடு. இங்கே கதிர் என்றால் நெற்கதிர். மருந்து என்றால் பாதி நேரம் வயலுக்கு அடிப்பது. பயிர் பால்பிடிக்கும் சமயத்தில் கதிர் நாவாய்ப்பூச்சிக்கு அடிக்கிறார்களே, அதுதான் நினைவுக்கு வரும். அதை நரம்பில் ஊசியாகப் போடப்போகிறோம் என்றால் யார் கையை நீட்டுவார்?

எனக்கு அதைவிடப் பெரிய தடை ‘மருந்து’தான். எலும்பு ஸ்கேனுக்குப் போடும் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் எதையும் குணமாக்குவதில்லை. பாஸ்பேட் வகைச் சேர்மம் ஒன்றின் முதுகில் ஏறி எலும்புக்குப் போகிறது. எங்கே எலும்பு மும்முரமாகப் புதிதாக உருவாகிறதோ அங்கே கூடுதலாகத் தங்குகிறது. அது விடும் காமா கதிரை வெளியே இருக்கும் கேமரா பிடித்துப் படமாக்குகிறது. அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், 6 மணி. மறுநாள் அதே நேரத்துக்கு 16-ல் ஒரு பங்குதான் மிச்சம் (சிறுநீரில் போவது தனிக்கணக்கு). உள்ளே புகுந்து சேதி சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. ஆகவே இதை (ஆங்கிலத்தில் ‘ட்ரேசர்’) ‘உளவி’ என்கிறேன். கருவி, துருவி மாதிரி வாயில் நிற்கும். மருத்துவத்துக்கு வெளியேயும் செல்லும்: 1923-ல் வேதியியலாளர் ஹெவெசி கதிரியக்க ஈயத்தைப் பீன்ஸ் வகைச் செடி எப்படி உறிஞ்சுகிறது என்று பார்த்தார், உரத்தில் பாஸ்பரஸ்-32 கலந்து நெல் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்றும் பின்னால் பார்த்திருக்கிறார்கள். எல்லாம் உளவிகள்தான்.

தைராய்டுக்குக் கொடுக்கும் அயோடின்-131 சங்கதி வேறு. அதன் பீட்டா துகள்கள் ஓரிரு மில்லிமீட்டருக்குள் இருக்கும் செல்களைச் சிதைக்கின்றன. 1941-லேயே பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர் கதிரியக்க அயோடினைத் தைராய்டு நோய்க்குக் கொடுத்துவிட்டார். அது மருந்து, சந்தேகமில்லை. ‘கதிரியக்க மருந்து’ என்றே முழுசாக எழுதுவோம், சுருக்கி என்ன ஆகப்போகிறது?

அப்புறம், முதல் பத்தியிலேயே ‘இது கரண்ட் வைப்பது (புற்றுநோய்க்கு வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்வீச்சுச் சிகிச்சை) அல்ல’ என்று போட்டுவிடுங்கள். இல்லையென்றால் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

———

> எல்லாம் உளவிகள்தான்.

அண்ணே, சொல் பிடித்திருக்கிறது. ஆனால் பிராஸ்டேட் புற்றுநோயில், அந்தச் செல்களின் மேல் இருக்கும் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதத்தைத் தேடிப்போய் ஒட்டும் மூலக்கூறில் காலியம்-68 என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றினால் பெட் (PET) ஸ்கேன் படம், லுட்டீசியம்-177 என்பதை ஏற்றினால் சிகிச்சை. போதாததற்கு லுட்டீசியம் கொஞ்சம் காமாவும் விடுகிறது, அதை வைத்தும் படம் எடுக்கலாம். உளவி, மருந்து என்று வேலி போட்டால் இது எந்தப் பக்கம்?

———

தம்பி, எதற்காகக் கொடுக்கிறோமோ அதை வைத்துப் பெயர். உங்கள் லுட்டீசியம் மருந்து. படம் கிடைப்பது கூடுதல் வரவு. தேடிப்போய் ஒட்டும் அந்த மூலக்கூறுக்கு ‘ஏந்தி’ போதுமா? படம், சிகிச்சை இரண்டும் சேர்ந்த முறைக்கு (ஆங்கிலத்தில் ‘தெரனாஸ்டிக்ஸ்’) ‘கண்டுதீர்ப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், கோர்ட்டு வாடை அடிக்கிறது. வேறு யாராவது சொல்லுங்கள். கையேட்டில் அந்தப் பகுதி இல்லை, அவசரமில்லை. உளவிக்கு மட்டும் மறுப்பு இருந்தால் அச்சுக்குப் போகுமுன் எழுதிவிடுங்கள்.