புதுப்பிப்பு: அப்பாவின் கத்தியில் துரு போய்விட்டது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: ரங்கூன் மழையில் ஐந்து மாதம் தோல் உறைக்குள்ளேயே கிடந்த அப்பாவின் காட்டுக் கத்தி துருவேறிவிட்டது, என்ன செய்வது என்று. இப்போது சுத்தமாகிவிட்டது.

சாணை பிடிக்கும் கிரைண்டரில் பிடிக்கச் சொன்ன அண்ணன்மார் மன்னிக்கவும், அதைச் செய்யவில்லை. அலகு சூடேறி சுமார் 200 டிகிரி தாண்டினால் கடினம் குறையத் தொடங்கும். அப்புறம் கூர் நிற்காது. வினிகரில் நனைத்த துணியை அலகில் மட்டும் சுற்றினேன், கொம்புப் பிடியில் படவிடவில்லை. அரை மணிக்கு ஒருமுறை பிரித்து, மெல்லிய ஸ்டீல் வுல்லால் (இரும்பு நார்ச் சுருள்) நீளவாக்கில் தேய்த்தேன். மூன்றாம் முறையில் செந்துரு முழுக்க விட்டது. உடனே ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் கழுவித் துடைத்தேன். இதைச் செய்யாவிட்டால் மிச்சமிருக்கும் அமிலமே மறுபடி துருவைக் கொண்டுவரும்.

அலகு இப்போது சாம்பல் நிறம். கார்பன் எஃகுக்கு அது கெடுதல் இல்லை. இரண்டு குழிகள் மட்டும் போகவில்லை. அப்பா தீட்டித் தீட்டி மெலிந்த அலகு, அதை இன்னும் தேய்க்க எனக்கு மனம் வரவில்லை.

தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், துருவேறியதற்கு அதுதான் காரணம். இனி தையல் மிஷின் எண்ணெய் பூசி, துணியில் சுற்றி அலமாரியில் வைப்பேன். உறை, வெளியே எடுத்துப் போகும்போது மட்டும்.