கூட்டாளிக்குத் துடக்கு உண்டா?

கூட்டாளியைப் பறிகொடுத்தவர்கள் எழுதுங்கள் என்றதும் எனக்கு நினைவு வந்தது துடக்குத்தான், சாவு வீட்டுத் தீட்டு.

என் நண்பன் கிண்ணியா, நான் திருகோணமலை நகரம். 2009 ஒக்டோபரில் பாலம் திறக்கும் வரை நடுவில் தண்ணீரும் ஒரு பாதையும் இருந்தன. பாதை என்றால் வீதி அல்ல; ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை. அதைத் தவறவிட்ட இரவுகளில் அவன் எங்கள் விறாந்தையில் படுப்பான். அம்மா அவனுக்கென்றே ஒரு பாய் வைத்திருந்தார். நோன்புக் காலத்தில் நான் அங்கே தங்கினால், அவன் உம்மா விடியுமுன் உண்ணும் சகருக்கு என்னையும் எழுப்பிச் சோற்றில் எருமைத் தயிரும் வாழைப்பழமும் பிசைந்து தருவார். நோன்பு பிடிக்காதவனுக்கு எதற்கு என்று அவன் முணுமுணுப்பான்.

பாலம் வந்தது. நினைத்த நேரம் போகலாம் என்றானதும், போகாமலே இருந்துவிட்டோம்.

மாரடைப்பு. விடிகாலையில் செய்தி வந்தது. நண்பகல் லுஹர் தொழுகையோடு அடக்கம். எங்கள் வீடுகளில் வெளிநாட்டுப் பிள்ளை வரும்வரை உடலை வைத்திருப்போம். அங்கே அழுவதற்கே அவகாசம் இல்லை. உடலைச் சுமக்கும் சந்தூக்குக்குத் தோள் கொடுத்தபோது முன்பின் தெரியாத ஒருவர், "நீங்கள் யார்?" என்றார். நான் வாய் திறக்குமுன் அவன் தம்பி சொன்னான்: "நானாவின் கூட்டாளி." மையவாடியில் மூன்று பிடி மண் போட்டேன். ஈர மணல், விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டது.

வீட்டில் அம்மா கிணற்றடியில் வாளியோடு நின்றார். "எனக்குத் துடக்கு உண்டா, அம்மா?" என்று கேட்டேன். "அது சொந்தத்துக்குத்தான், தம்பி," என்றார். ஆனால் எட்டு நாட்கள் வீட்டில் மீன் வாங்கவில்லை. கடலோரத்து வீடு எங்களுடையது.

முப்பத்தோராம் நாள் கன்னியாவுக்குப் போனேன். இராவணன் தாய்க்குக் கருமம் செய்ததாகச் சொல்லும் ஏழு வெந்நீர்க் கிணறுகள். எங்கள் பக்கத்தில் அந்தியேட்டிக்கு, இறந்தவருக்கான முப்பத்தோராம் நாள் கிரியைக்கு, போவது அங்கேதான். எனக்குச் செய்வதற்குக் கிரியை எதுவும் இல்லை. ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு வாளி மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டு திரும்பினேன்.

நாற்பதாம் நாள் அவன் வீட்டில் ஓதிச் சோறு கொடுக்கும் கத்தத்துக்குப் போகக் கால் கூசியது. அவன் இல்லாத வீட்டில் நான் யார்? உம்மா என் முன்னால் சஹனை, சேர்ந்துண்ணும் பெரிய தட்டை, நகர்த்தினார். கன்னியாவுக்குப் போனதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்தார்.

"தண்ணீர் சூடாகவா இருந்தது, மகன்?"

"ஒரு கிணறு போல மற்றது இல்லை, உம்மா."

"சரி, சாப்பிடு," என்றார்.