மாஸ்ட் செல் இல்லாத சுண்டெலியில் இஏஇ: எந்த எலியை நம்புவது?

புவனா_ஒன்நார்த்:
வணக்கம். மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸில் (உடலின் எதிர்ப்பு செல்களே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய்) மாஸ்ட் செல்லின் (ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்பு செல்) பங்கு பற்றி முனைவர் பட்ட ஆய்வுத் திட்டம் எழுதுகிறேன். மெலிஸா பிரவுன் குழு 2000-இல் வெளியிட்ட ஆய்வில், மாஸ்ட் செல் இல்லாத டபிள்யூ/டபிள்யூ-வி சுண்டெலிக்கு இஏஇ (இந்த நோய்க்கு மாதிரியாக எலியில் தூண்டும் நோய்) தாமதமாகவும் லேசாகவும் வந்தது. மஜ்ஜையிலிருந்து வளர்த்த மாஸ்ட் செல்லை ஏற்றியதும் நோய் மறுபடி கடுமையானது. மாஸ்ட் செல் இல்லாத இன்னொரு வகையான டபிள்யூ-எஸ்எச் எலியிலோ நோய் குறையவே இல்லை. சில ஆய்வுகளில் கூடியிருக்கிறது. 2011-இல் ஹைடல்பர்க் குழு, மூன்றாவது வகையான சிபிஏ3-கிரி எலிக்கும் வழக்கம்போல இஏஇ வருகிறது என்றது. இந்த மூன்றில் எதை வாங்குவது? ஐஏசியுசி (விலங்குச் சோதனைக்கு அனுமதி தரும் குழு) விண்ணப்பத்தில் ஒவ்வோர் எலிக்கும் காரணம் எழுதியாக வேண்டும்.

வெண்சுண்டெலி:
முதல் இரண்டும் கிட் மரபணுவில் பழுதுள்ள எலிகள். கிட் என்பது மாஸ்ட் செல் வளரத் தேவையான ஏற்பி, ஆனால் மாஸ்ட் செல்லுக்கு மட்டும் உரியதல்ல. டபிள்யூ/டபிள்யூ-வி எலிக்கு ரத்தசோகை உண்டு, நியூட்ரோஃபில் (ஒரு வகை வெள்ளணு) குறைவு, குட்டி போடாது. டபிள்யூ-எஸ்எச் எலியில் நேர்மாறாக நியூட்ரோஃபில் கூடும், மண்ணீரல் பெருக்கும். அதன் மரபணுத் தலைகீழாக்கம் பக்கத்தில் உள்ள கோரின் மரபணுவையும் உடைத்துவிடுவதால் இதயமும் பெரிதாகும். நியூட்ரோஃபில் இஏஇ-யின் தொடக்கத்தையே தீர்மானிக்கும் செல். ஒன்றில் அது குறைவு, மற்றொன்றில் அதிகம் என்றால், முடிவுகள் எதிரெதிராக வருவதில் ஆச்சரியம் என்ன?

சிபிஏ3-கிரியில் கிட் பழுதில்லை. அதுதான் அதன் பலம். ஆனால் பேசோஃபிலும் (மாஸ்ட் செல்லை ஒத்த இன்னொரு வெள்ளணு) ஓரளவு குறையும், அதை விண்ணப்பத்தில் ஒளிக்காமல் எழுதுங்கள். என் கருத்து: கிட்டைச் சாராத எலி ஒன்று கட்டாயம் வேண்டும். கிட் எலி எதுவானாலும் மாஸ்ட் செல் ஏற்றிய குழு இல்லாமல் அதை வைத்து எதையும் நிறுவ முடியாது. டபிள்யூ/டபிள்யூ-வி வாங்கினால் ஒப்பீட்டுக்கு அதே மரபுப் பின்னணியுள்ள டபிள்யூபிபி6எஃப்1 சகோதர எலிதான், தனியாக வாங்கிய சி57பிஎல்/6 வகை எலி கூடாது. மஜ்ஜை கொடுக்கும் எலியும் அதே டபிள்யூபிபி6எஃப்1 ஆகவே இருக்கட்டும்.

குடுவை_ராஜா:
மாஸ்ட் செல் ஏற்றுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். தொடை எலும்பு, கீழ்க்கால் எலும்பு இரண்டிலிருந்தும் மஜ்ஜையை எடுத்து, ஆர்பிஎம்ஐ 1640 + 10% சீரம் + ஐஎல்-3 (வளர்ச்சியைத் தூண்டும் புரதம்) 10 நானோகிராம்/மிலி ஊடகத்தில் வளர்க்க வேண்டும். கிட்டைத் தூண்டும் எஸ்சிஎஃப் புரதத்தைச் சேர்த்தால் வேகம் கூடும். 3, 4 நாளுக்கு ஒருமுறை மிதக்கும் செல்லை மட்டும் புதுக் குடுவைக்கு மாற்றுங்கள். ஒட்டிக்கொண்டிருப்பவை மேக்ரோஃபேஜ், அவற்றை விட்டுவிடுங்கள். நாலு வாரத்துக்கு முன் பயன்படுத்தாதீர்கள். ஃப்ளோ சைட்டோமெட்ரியில் மாஸ்ட் செல்லின் அடையாளங்களான கிட், எஃப்சி எப்சிலான் ஆர்1 ஏற்பிகள் இரண்டும் ஒருசேர 95%-க்கு மேல் தெரிந்தால்தான் எலிக்குள் போக வேண்டும். மைக்கோபிளாஸ்மா (வளர்ப்பு செல்லில் தொற்றும் கிருமி) சோதனையைத் தவறவிடாதீர்கள்.

4 முதல் 6 வார வயது எலிக்கு வால் சிரை (ரத்தக் குழாய்) வழியாக 50 லட்சம் முதல் 1 கோடி செல். பிறகு 8 முதல் 10 வாரம் காத்திருக்க வேண்டும். சிரை வழியே போனவை நுரையீரலிலும் மண்ணீரலிலும் நிறையத் தங்கும், தோலில் சொற்பமே. எங்கே எத்தனை போய்ச் சேர்ந்தன என்று எண்ணாமல் நோய் மதிப்பெண்ணை (செயலிழப்பின் அளவு) மட்டும் காட்டினால் யாரும் ஏற்கமாட்டார்கள்.

இஏஇ தூண்டும்போது: எலிக்கு எம்ஓஜி 35-55 (நரம்பு உறைப் புரதத்தின் துண்டு) 200 மைக்ரோகிராம், எச்37ஆர்ஏ (ஒரு வகைக் காசநோய்க் கிருமி) 400 மைக்ரோகிராம், 0-ஆம் நாளும் 2-ஆம் நாளும் பெர்டுசிஸ் டாக்சின் (கக்குவான் கிருமியின் நச்சு) 200 நானோகிராம். கடையில் கிடைக்கும் சிஎஃப்ஏ-யில் (எதிர்ப்பைத் தூண்டும் எண்ணெய்க் கலவை) காசநோய்க் கிருமி பெரும்பாலும் 1 மிகி/மிலிதான் இருக்கும். அதற்கு மேல் எச்37ஆர்ஏ சேர்க்காவிட்டால் பாதி எலிக்கு நோயே வராது. ரப்பர் பிஸ்டன் உள்ள சிரிஞ்சு எண்ணெயில் உப்பிச் சிக்கிக்கொள்ளும், கண்ணாடி சிரிஞ்சில் கலக்குங்கள். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் அப்படியே உருண்டையாக நிற்க வேண்டும். பரவினால் இன்னும் கலக்க வேண்டும்.

வெண்சுண்டெலி:
ராஜா சொன்ன அளவு முழுப் பலம். அவ்வளவு பெர்டுசிஸ் போட்டால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதை மறிக்கும் தடுப்பு மாஸ்ட் செல் இல்லாமலே திறந்துவிடும், சின்ன வித்தியாசம் அதில் மூழ்கிப்போகும். முன்னோட்டத்தில் அளவைப் படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள். நோய் வரும் விகிதம் குறையும், எலி கூடுதலாகத் தேவைப்படும். ஆனால் கேள்விக்கு விடை அங்கேதான் கிடைக்கும்.

பாலினத்தை மறக்காதீர்கள். எஸ்ஜேஎல் வகை ஆண் எலிக்கு இஏஇ எளிதில் வராது. டெஸ்டோஸ்டீரோன் மாஸ்ட் செல்லில் ஐஎல்-33 என்ற சமிக்ஞைப் புரதத்தைத் தூண்டி, அது ஐஎல்சி2 என்ற எதிர்ப்பு செல்களைப் பெருக்கிப் பாதுகாக்கிறது என்று பிரவுன் குழுவே 2018-இல் காட்டியது. ஒரே செல் ஒரு பாலில் கெடுக்கிறது, இன்னொன்றில் காக்கிறது. ஆணையும் பெண்ணையும் ஒரே வரைபடத்தில் கலந்தால் சராசரி பூஜ்யமாகிவிடும்.

புவனா_ஒன்நார்த்:
மிக்க நன்றி. தண்டுவடத் துண்டுகளில் டொலுயிடின் நீலம் (மாஸ்ட் செல்லைக் காட்டும் சாயம்) போட்டு எண்ணினால் போதுமா? கிட்டைத் தடுக்கும் மாசிட்டினிப் மருந்து ஆய்வையும் ஆதாரமாகச் சேர்க்கலாமா?

மெனிஞ்சஸ்_அக்கா:
தண்டுவடத் திசுவுக்குள் எலியில் மாஸ்ட் செல் அநேகமாக இராது. அங்கே தேடிவிட்டு இல்லை என்று எழுதுவது தவறு. அவை மூளை உறையில் இருக்கின்றன. 2010-இல் வந்த ஆய்வு, அங்குள்ள மாஸ்ட் செல் சுரக்கும் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதம்தான் நியூட்ரோஃபிலை அழைத்து ரத்த-மூளைத் தடுப்பைத் தளர்த்துகிறது என்றது. ஆகவே மண்டையோட்டு மூடியை உறையோடு 4% பிஎஃப்ஏ-யில் (திசுவை ஃபிக்ஸ் செய்யும், அதாவது கெடாமல் நிலைப்படுத்தும் கரைசல்) ஓரிரு மணி நேரம் வையுங்கள். பிறகு நுனி கூரான இடுக்கியால் விளிம்பிலிருந்து டியூராவை (மூளையின் வெளி உறை) மெல்ல உரியுங்கள். நடுவில் இழுத்தால் கிழியும். ஒளிரும் அவிடின் போட்டால் துகளிலுள்ள ஹெப்பாரினில் ஒட்டிக்கொள்ளும், ரத்தக் குழாய் ஓரம் வரிசையாக மின்னும். செல்லுக்கு வெளியே மணல் தூவியது போல் சிதறியிருந்தால் துகள் கொட்டியிருக்கிறது. ஃபிக்ஸ் செய்யும் முன் பிடித்து இழுத்தாலும் அப்படியே தெரியும் என்பதால், நோயில்லாத எலி ஒன்றையும் அதே கையால் உரித்து ஒப்பிடுங்கள்.

மாசிட்டினிப் கிட்டோடு சிஎஸ்எஃப்1ஆர் என்ற ஏற்பியையும் தடுக்கும், ஆகவே மைக்ரோகிளியாவையும் (மூளையின் எதிர்ப்பு செல்கள்) தொடும். மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் நாளொன்றுக்கு 4.5 மிகி/கிலோ அளவில் பலன் தெரிந்தது உண்மை. அதை மாஸ்ட் செல்லின் கணக்கில் எழுத முடியாது, முன்னுரையில் ஒரு வரி போதும்.

சிங்கப்பூர் அவுட்ரமில் உள்ள டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியில் ஆஷ்லி செயின்ட் ஜான் குழு டெங்குவில் மாஸ்ட் செல்லின் கைமேஸ் நொதி, ரத்தக் குழாய்க் கசிவு பற்றி வேலை செய்கிறது. கசிவு அளக்கும் முறைக்கு அவர்கள் கட்டுரைகளின் செய்முறைப் பகுதியைப் படித்துவிட்டு விண்ணப்பத்தை எழுதுங்கள். நோய் மதிப்பெண் போடுபவருக்கு எலி எது என்று தெரியக்கூடாது என்பதையும், பின்னங்கால் செயலிழந்த எலிக்குத் தரையிலேயே ஈர உணவு வைப்பதையும், எந்த மதிப்பெண்ணில் எலியைச் சோதனையிலிருந்து நீக்குவது என்பதையும் அதில் குறிப்பிடுங்கள். ஐஏசியுசி இதைத்தான் முதலில் கேட்கும்.